பிழைக்காத பாம்புக்குட்டியை என்ன செய்வது? வீட்டில் ஊர்வன வளர்ப்பவர்கள் முன் நிற்கும் கருணைக்கொலை கேள்வி

ஒரு பால் பைத்தான் ஆறு முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்குபேட்டரில் 31, 32 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுமார் இரண்டு மாதம் வைத்திருந்தால் குட்டிகள் ஓட்டைக் கிழித்துத் தலையை நீட்டும். ஐந்து குட்டிகள் நல்லபடியாக வெளியே வந்துவிட்டன. ஆறாவதற்கு முதுகெலும்பு மூன்று இடத்தில் மடங்கியிருக்கிறது, தாடையும் சரியாகச் சேரவில்லை. மூச்சு இருக்கிறது, நாக்கை நீட்டுகிறது. ஆனால் இரை விழுங்க முடியாது.

அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் வீட்டின் ஒரு அறையில் ரேக் அடித்து, பிளாஸ்டிக் டப்பாக்களில் பாம்பும் பல்லியும் வளர்த்து விற்பவர்கள் ஏராளம். பெரும்பாலானவர்களுக்கு இது முழுநேரத் தொழில் கிடையாது. பகலில் ஆபீஸ், இரவில் பாம்பு. எந்த நிறத்தோடு எந்த நிறத்தைச் சேர்த்தால் என்ன குட்டி வரும் என்று விரல் நுனியில் கணக்கு வைத்திருப்பார்கள். ஆனால் அந்த ஆறாவது குட்டி வரும்போது என்ன செய்வது என்று பலர் யோசித்தே இருக்க மாட்டார்கள்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. பாங்காக்கில் இருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் பால் பைத்தான் குட்டிகள் பிடிபடுவது சென்னை விமான நிலையத்தில் வழக்கமான செய்தியாகிவிட்டது. வாங்குபவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். வளர்ப்பவர்கள் இருக்கும் இடத்துக்கு இந்தக் கேள்வியும் வந்து சேரும்.

கருணைக்கொலை எது, கழித்துக்கட்டுவது எது?

வளர்ப்பாளர்கள் குட்டியைக் கொல்ல நினைக்கும் சூழல்களை மூன்றாகப் பிரிக்கலாம். மூன்றுக்கும் ஒரே பெயர் வைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலாவது, வேதனை தெளிவாகத் தெரியும் சூழல். குடல் வயிற்றுக்கு வெளியே கிடக்கிறது, தாடையே உருவாகவில்லை, முதுகெலும்பு மடங்கிய இடத்தில் கழிவு அடைத்துக்கொள்கிறது. இங்கே உயிரோடு வைத்திருப்பதுதான் கொடுமை. தாமதிக்கக் கூடாது.

இரண்டாவது, தீராத தொற்றுநோய். ஒரு பாம்பின் உயிரா, மற்ற இருபது பாம்புகளின் உயிரா என்ற கேள்வி. இதுதான் இருப்பதிலேயே கஷ்டமானது.

மூன்றாவது, விற்காது என்பதால் கொல்வது. எதிர்பார்த்த நிறம் வரவில்லை, ஒரு கண் இல்லை, ஆண் குட்டிகள் அதிகமாகிவிட்டன. கருணைக்கொலை என்ற சொல்லின் முதல் பாதி கருணை. மூன்றாவது வகையில் அந்த முதல் பாதிக்கு வேலையே இல்லை. ஒற்றைக்கண் பாம்பு வாசனையாலும் வெப்பத்தை உணரும் குழிகளாலும் இரையைக் கண்டுபிடித்து நன்றாகவே வாழும். அதைக் கொன்றுவிட்டு, பாவம், கஷ்டப்படக் கூடாதுன்னு பண்ணேன் என்று சொல்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

சாப்பிடாத குட்டி எல்லாம் சாகப்போகும் குட்டியா?

இல்லை. புதிதாக வளர்ப்பவர்கள் அவசரப்படும் இடம் இதுதான். பால் பைத்தான் குட்டி, பிறக்கும்போது வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை வைத்தே சில நாள் ஓட்டும். முதல் தோல் உரித்த பிறகுதான் இரை தேடும். அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் அடம்பிடிக்கும் குட்டிகள் உண்டு. டப்பா பெரிதாக இருந்தாலோ, ஒளிந்துகொள்ள இடமில்லாவிட்டாலோ, சூடு குறைந்தாலோ சாப்பிடாது. இவற்றைச் சரிசெய்தாலே பல குட்டிகள் இரை எடுத்துவிடும்.

ஆகவே நாள்கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. எடை தொடர்ந்து இறங்குகிறதா? புரட்டிப் போட்டால் தானாகத் திரும்புகிறதா? தண்ணீர் குடிக்கிறதா? தோல் உரிக்கிறதா, கழிவு வெளியேறுகிறதா? வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதிவைத்தால், கெட்ட நாள் எது, கெட்ட போக்கு எது என்று தெரிந்துவிடும். பாம்பு கத்தாது, அழாது, நொண்டாது. அதன் வலியைச் சொல்வது இந்த நோட்டுப்புத்தகம்தான்.

நோய் என்றால் எப்போது முடிவெடுப்பது?

சிறுத்தைப் பல்லி வளர்ப்பவர்களை நடுங்கவைக்கும் பெயர் கிரிப்டோஸ்போரிடியம். குடலைத் தாக்கும் ஒட்டுண்ணி. கொழுப்பைச் சேர்த்துவைக்கும் தடித்த வால் குச்சி மாதிரி ஆகிவிடும். மருந்து கொடுத்தால் ஒட்டுண்ணி குறையலாம், முழுக்கப் போகும் என்று நம்ப முடியாது. கழிவு வழியே பரவும். சாதாரண பிளீச்சிங் கரைசலுக்கும் அதன் முட்டைகள் அசைந்து கொடுக்காது. ஒரே இடுக்கியைப் பத்து டப்பாவுக்கும் பயன்படுத்தினால் போதும், பத்துக்கும் தொற்றிவிடலாம்.

மலைப்பாம்பு, போவா வகைகளில் பயமுறுத்துவது ஐபிடி எனப்படும் நோய். இதை 1970களில் இருந்தே கால்நடை மருத்துவர்கள் பார்த்துவந்தாலும், அரீனாவைரஸ் வகைதான் இதன் பின்னணியில் இருக்கிறது என்று 2012-ல்தான் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மலைப்பாம்புக்கு வந்தால் நரம்பு பாதிக்கப்பட்டு சீக்கிரம் சாகும். போவா மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட எந்த அறிகுறியும் இல்லாமல் வைரஸைச் சுமக்கும். மூச்சுக்குழாயைத் தாக்கும் நிடோவைரஸ் 2014-ல் அடையாளம் காணப்பட்டது. பைத்தான் வளர்ப்பாளர்களுக்கு இன்று பெரிய தலைவலி அதுதான்.

போவா நன்றாகச் சாப்பிடுகிறது, பளபளவென்று இருக்கிறது. ஆனால் டெஸ்ட் பாசிட்டிவ். கொல்வதா? இங்கே ஒரே விடை கிடையாது. அந்த ஒரு பாம்பு மட்டுமே வீட்டில் இருந்தால், தனியாக, விற்காமல், இனப்பெருக்கம் செய்யாமல், உண்ணி அண்டாமல் கடைசிவரை வைத்துக்கொள்ளலாம். அதே அறையில் முப்பது பைத்தான் இருந்தால் கணக்கு வேறு. வேறு அறை, வேறு கருவிகள், கடைசியாகத் தொட வேண்டிய வரிசை என்று ஒழுங்காகத் தனிமைப்படுத்த முடியாவிட்டால், மருத்துவர் கருணைக்கொலையைப் பரிந்துரைப்பது நியாயமே.

ஆனால் சந்தேகத்தை வைத்து மட்டும் கொல்வது தவறு. கிரிப்டோ கிருமி எல்லா நாளும் கழிவில் வெளியேறாது என்பதால் ஒரே ஒரு நெகட்டிவ் முடிவை நம்பிவிடவும் முடியாது. திரும்பத் திரும்ப சோதிக்க வேண்டும். ஒரு விலங்கு இறந்துவிட்டாலோ, கருணைக்கொலை செய்யப்பட்டாலோ உடற்கூறாய்வு செய்வது அவசியம். செத்த ஒன்று உயிரோடு இருக்கும் மற்றவற்றைக் காப்பாற்றும் வழி அது.

ஃப்ரீசரில் வைத்தால் தூங்கிவிடும் என்பது உண்மையா?

வளர்ப்பாளர்கள் மத்தியில் தலைமுறை தலைமுறையாக ஓடும் யோசனை இது. குளிர் ரத்தப் பிராணிதானே, ஃப்ரீசர்ல வெச்சா மெதுவா தூங்கிடும், வலிக்காது என்பார்கள்.

அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கம் விலங்குகளின் கருணைக்கொலைக்கான நெறிமுறைகளை வெளியிடுகிறது. 2013, 2020 பதிப்புகள் இரண்டுமே நினைவோடு இருக்கும் ஊர்வனவற்றை இப்படிக் குளிரவைத்துக் கொல்வதை ஏற்கவில்லை. உடல் அசையாமல் இருப்பதும் உணர்வு இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. குளிர்ந்த பாம்பால் ஓட முடியாது என்பதற்காக அதற்கு வலிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. உறையும் திசுக்களில் பனித்துகள்கள் உருவாவது வேதனை தரக்கூடும் என்பதே கவலை. சில கிராம் எடையே உள்ள மிகச் சிறிய உயிரினங்களை நொடியில் உறையவைக்கும் திரவ நைட்ரஜன் மட்டுமே இதில் விதிவிலக்கு. அது வீட்டு ஃப்ரிட்ஜில் கிடைக்கும் குளிர் இல்லை.

எதிர்வாதமும் இருக்கிறது. ஆஸ்திரேலிய உயிரியலாளர் ரிக் ஷைனும் சகாக்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், கரும்புத் தேரைகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்துகொண்டே முதலில் ஃப்ரிட்ஜிலும் பிறகு ஃப்ரீசரிலும் வைத்தார்கள். வலியைக் காட்டும் மூளைச் செயல்பாடு தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு. ஆனால் சோதிக்கப்பட்டது தேரை, பைத்தான் இல்லை. இரண்டு கட்டமாகக் கவனமாகச் செய்யப்பட்ட சோதனை அது. பாம்பைத் துணிப்பையில் கட்டி நேரே ஃப்ரீசரில் போடுபவர்களுக்கு இந்த ஆய்வு துணைக்கு வராது. விஷயம் இன்னும் விவாதத்தில் இருக்கும்போது, சந்தேகத்தின் பலன் விலங்குக்குத்தான் போக வேண்டும்.

வேறு வீட்டு வைத்தியங்கள்?

தலையை வெட்டினால் உடனே முடிந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. பாலூட்டிகளுக்கு ரத்த ஓட்டம் நின்றால் சில நொடிகளில் நினைவு போய்விடும். ஊர்வன அப்படியில்லை, ஆக்ஸிஜன் இல்லாமலும் அவற்றின் மூளை வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். வட அமெரிக்காவின் பெயின்டட் ஆமை, உறைந்த குளத்தின் அடியில் மூச்சே விடாமல் மாதக்கணக்கில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அந்த உடலமைப்புதான் இங்கே பிரச்சினை. வெட்டிய தலை சிறிது நேரம் உணர்வோடு இருக்கக்கூடும். அதனால்தான் முதலில் மயக்க மருந்து, பிறகு தலை துண்டிப்பு, உடனே மூளையை அழித்தல் என்று வரிசையாகச் செய்தால் மட்டுமே நெறிமுறைகள் அதை ஏற்கின்றன.

கார்பன் டை ஆக்ஸைடு பெட்டியும் இதே காரணத்தால் நம்பத்தக்கதல்ல. மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும் பாம்பு செத்துவிட்டது என்று நினைத்துப் புதைத்துவிடும் ஆபத்து உண்டு.

மருத்துவர் என்ன செய்வார்?

வழக்கமான முறை இரண்டு கட்டம். முதலில் மயக்க ஊசி. தொட்டாலும் கிள்ளினாலும் அசைவில்லை, புரட்டினால் திரும்பவில்லை என்று உறுதியான பிறகு பென்டோபார்பிடல் போன்ற மருந்து. அதன்பிறகும் வேலை முடியவில்லை. மூளை செயலிழந்த பின்னும் ஊர்வனவற்றின் இதயம் துடித்துக்கொண்டிருக்கும் என்பதால் டாப்ளர் கருவியால் துடிப்பைக் கேட்டு, தேவையானால் மூளையை அழித்து, மரணத்தை உறுதிசெய்வார்கள்.

பென்டோபார்பிடல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அமெரிக்காவிலும் சாதாரண வளர்ப்பாளரால் அதை வாங்கிவைக்க முடியாது. ஆக, ஒழுங்கான கருணைக்கொலைக்கு மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

இங்கேதான் பணம் குறுக்கே வருகிறது. சாதாரண நிறமுள்ள ஒரு பால் பைத்தான் குட்டி விற்கும் விலையைவிட, ஊர்வன பார்க்கும் மருத்துவரின் கட்டணம் அதிகமாக இருப்பது சகஜம். அப்படிப்பட்ட மருத்துவர் பல மணி நேரம் பயணத் தொலைவில் இருப்பதும் சகஜம். ஞாயிறு இரவு முட்டை வெடிக்கிறது, திங்கள் காலை வேலைக்குப் போக வேண்டும், ஃப்ரீசர் பத்தடி தூரத்தில். கெட்ட மனசு உள்ளவர்கள்தான் தப்பான முடிவு எடுப்பார்கள் என்று இல்லை. தயாரிப்பு இல்லாத நல்லவர்களும் எடுப்பார்கள்.

பிரச்சினையின் வேர் எங்கே?

பல குட்டிகளின் விதி, முட்டை இடுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் பகுதிகளில் இருந்து போன பால் பைத்தானில், வளர்ப்பில் பிறந்த முதல் வெள்ளைநிற அல்பினோ 1992-ல் அமெரிக்காவில் வந்தது. அதன்பிறகு மார்ஃப் எனப்படும் நிற வகைகளுக்கான ஓட்டம் ஆரம்பித்தது.

அதில் பெயர் பெற்றது ஸ்பைடர் மார்ஃப். உடம்பில் வலைப்பின்னல் மாதிரி கோடுகள், பார்க்க அழகு. ஆனால் அந்த மரபணுவோடு ஒட்டியே ஒரு கோளாறும் வருகிறது. தலை ஆடும், சில பாம்புகள் இரையைக் குறிபார்க்க முடியாமல் திருகிக்கொள்ளும். உள்காதில் சமநிலையைக் காக்கும் பகுதிகளே உருக்குலைந்திருக்கின்றன என்று 2022-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஸ்கேன் செய்து காட்டினார்கள். பிரிட்டனின் சர்வதேச ஊர்வன சங்கம் 2018-லேயே தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனைக்குத் தடை போட்டது.

சிறுத்தைப் பல்லியில் இதே கதை லெமன் ஃப்ராஸ்ட் என்ற பெயரில் நடந்தது. எலுமிச்சை மஞ்சள் நிறத்துக்காகப் பெரிய விலை கொடுத்து வாங்கினார்கள். இந்த நிறமுள்ள பல்லிகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்குத் தோலில் கட்டிகள் வந்தன. 2021-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிறத்தையும் கட்டியையும் ஸ்பின்ட்1 என்ற ஒரே மரபணுவோடு தொடர்புபடுத்தினார்கள். நிறம் வேண்டும், கட்டி வேண்டாம் என்று பிரித்தெடுக்க வளர்ப்பாளர்களுக்கு வழியில்லை. பலர் அந்த வகையையே கைவிட்டார்கள்.

தலை ஆடும் எல்லா ஸ்பைடரையும் கொல்ல வேண்டுமா? வேண்டாம். லேசான ஆட்டத்தோடு சாப்பிட்டு, வளர்ந்து, பல ஆண்டு வாழும் பாம்புகள் இருக்கின்றன. பிறந்துவிட்ட ஒன்றுக்கு அமைதியான இடமும் நல்ல கவனிப்பும் கொடுப்பது கடமை. ஆனால் அடுத்த ஜோடியைச் சேர்க்காமல் இருப்பதும் அதே அளவு கடமை. தெரிந்தே கோளாறுள்ள குட்டிகளை உருவாக்கிவிட்டு, பிறகு கருணையோடு கொல்வேன் என்பதில் கருணை ரொம்பத் தாமதமாக வருகிறது.

காட்டில் விட்டுவிடலாமே?

கொல்ல மனசு வரவில்லை, எங்காவது விட்டுவிடுவோம் என்பது கேட்க இதமாக இருக்கிறது. நடப்பது வேறு. நோயுற்ற குட்டி பட்டினியில் சாகும். நோய் பரவினால் உள்ளூர் உயிரினங்கள் சாகும். ஃப்ளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் மூலம் வந்த நுரையீரல் ஒட்டுண்ணி, இப்போது அங்குள்ள உள்ளூர்ப் பாம்புகளைத் தாக்குகிறது. நம் ஊர்க் குளங்களில் சிவப்புக்காது ஆமைகள் நிறைந்ததும் இப்படி இரக்கப்பட்டு விட்டவர்களால்தான்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை, உடும்பு எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருப்பவை. வீட்டில் வளர்ப்பது குற்றம். அதில் பேச்சுக்கே இடமில்லை.

வெளிநாட்டு இனங்கள் நீண்ட காலம் சட்டத்தின் இடுக்கில் நின்றன. 2022 திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனங்கள் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. பால் பைத்தானும் பச்சை இகுவானாவும் அதில் அடக்கம். வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், குட்டி பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960, மனிதர் தவிர எல்லா உயிரினத்தையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. தேவையற்ற கொடூரமான முறையில் கொல்வது அதன்படி குற்றம். பாம்புதானே என்ற விலக்கு அந்த வரையறையில் கிடையாது.

பதிவு செய்யாமல் வைத்திருப்பவர், மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து மருத்துவரிடம் போக மாட்டார். அந்தப் பயத்தின் விலையை நோயுற்ற குட்டிதான் கொடுக்கும். பதிவு என்பது வெறும் பேப்பர் வேலை இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கதவைத் திறந்துவைக்கும் வேலையும்கூட.

ஆகவே என்ன செய்யலாம்?

முடிவை அழுகையும் அவசரமுமாக இருக்கும் இரவுக்கு ஒத்திவைக்கக் கூடாது என்பதுதான் முக்கியமான விஷயம். ஜோடி சேர்ப்பதற்கு முன்பே நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துவிடலாம்.

1. ஊர்வன பார்க்கும் மருத்துவர் யார்? அவசரம் என்றால் போனை எடுப்பாரா? கட்டணம் எவ்வளவு? அந்தத் தொகையை முட்டைச் செலவிலேயே சேர்த்து ஒதுக்கியாகிவிட்டதா?

2. எந்தெந்த அறிகுறி இருந்தால் உடனே முடிவு, எதற்கு எத்தனை வாரம் காத்திருப்பு?

3. விற்க முடியாத, ஆனால் வாழக்கூடிய குட்டிகளுக்கு இடம் இருக்கிறதா? ஒரு பால் பைத்தான் இருபது, முப்பது ஆண்டு வாழும் என்பதை மறந்துவிட்டு இதற்கு விடை சொல்ல முடியாது.

4. இந்த ஜோடியில் கோளாறு வரும் என்று ஏற்கெனவே தெரியுமா? தெரியும் என்றால் மற்ற மூன்று கேள்விகளுக்கும் போகவே தேவையில்லை. ஜோடியே வேண்டாம்.

வாங்குபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. விலையையும் நிறத்தையும் கேட்கும்போது, அந்த ஈட்டில் எத்தனை குட்டி பிழைத்தது, பிழைக்காததை என்ன செய்தீர்கள் என்றும் கேட்கலாம். நேரான பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காமல் திரும்பலாம். ஸ்பைடரும் லெமன் ஃப்ராஸ்டும் பரவியது அவற்றுக்குப் பணம் கொடுக்க ஆள் இருந்ததால்தான்.

ஓர் உயிரை உருவாக்குபவருக்கு, தேவைப்பட்டால் அதை வலியில்லாமல் வழியனுப்பும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பொறுப்புக்குப் பணமோ, நேரமோ, மருத்துவரோ இல்லாதவர்கள் இன்குபேட்டரை ஆன் செய்யாமல் இருப்பதே நல்லது.